வலது கன்னம் பெரியவள், இடது கன்னம் சின்னவள்

என் இரண்டு பிள்ளைகளில் எது பெரியவள், எது சின்னவள் என்று எனக்குத் தெரியாது என்பதைப் பத்து வாரம் யாரிடமும் சொல்லவில்லை. பெற்றவன் வாயால் சொல்லக்கூடிய விஷயமா அது? இரட்டைப் பெண்கள். மூக்கு, முழி, அழுகிற வாய் எல்லாம் ஒன்று.

நான் சிமெண்ட் லாரி ஓட்டுகிறேன். ஆலத்தியூர் ஆலையில் லோடு ஏற்றிக்கொண்டு பாலக்காடு, கொச்சி என்று போனால் திரும்ப ஐந்து நாள் ஆகும், ஆறு நாள் ஆகும். வந்ததும் வரிசையில் வண்டியைப் போட்டுவிட்டு அடுத்த லோடுக்கு நிற்க வேண்டும். அந்தப் பத்து வாரத்தில் நான் வீட்டில் இருந்த நாட்கள் மிகவும் குறைவு. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. அன்றைக்குச் சாக்காகத்தான் சொன்னேன்.

என் மனைவிக்கு அவர்களைப் பிரித்துப் பார்ப்பதில் கஷ்டமே இல்லை. "பெரியவளுக்கு நெத்தி கொஞ்சம் ஏறியிருக்கும் பாருங்க" என்பாள். பார்ப்பேன். இரண்டு நெற்றியும் ஒரே நெற்றியாக இருக்கும். "ஆமா" என்பேன். சொந்தபந்தத்தில் மற்றவர்களுக்குக் குழப்பம் வரக்கூடாது என்று அவள் ஒரு வழி செய்திருந்தாள். குளிப்பாட்டித் துடைத்ததும் பெரியவளுக்கு வலது கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைப்பாள், சின்னவளுக்கு இடது கன்னத்தில் வைப்பாள். அந்த மற்றவர்களில் நானும் ஒருவன் என்பது அவளுக்குத் தெரியாது. நான் பிள்ளையைப் பார்த்ததே இல்லை. பொட்டைப் பார்த்துத்தான் கூப்பிடுவேன்.

பத்தாவது வாரத்துத் தடுப்பூசி ஒரு புதன்கிழமை வந்தது. அன்றைக்கே என் மனைவிக்குப் பெரம்பலூரில் பி.எட். பரீட்சை. பிரசவத்தால் விட்டுப்போன தாள், இந்த முறையும் விட்டால் ஒரு வருஷம் போய்விடும்.

"அடுத்த புதன் போட்டுக்கலாம்" என்றேன்.

"அடுத்த புதன் நீங்க கேரளாவுல இருப்பீங்க. ரெண்டையும் ஒத்த ஆளா நான் தூக்கிட்டுப் போகணும். இன்னைக்கு வூட்டுல இருக்கீங்கல்ல, போட்டுட்டு வாங்க."

"ஊசி போட்டா கத்துமே."

"கத்தும். தூக்கி வச்சுக்கணும். பதினாலு சக்கர வண்டிய மலையில ஏத்துறீங்க, இது முடியாதா?"

இரண்டு பேரையும் குளிப்பாட்டிப் பொட்டு வைத்தாள். பாலைப் பிழிந்து ஒரு எவர்சில்வர் டம்ளரில் மூடி வைத்தாள். பால் புகட்டும் பாலாடையைக் கழுவிப் பக்கத்தில் வைத்தாள். பரீட்சை ஹாலுக்குள் போனை விடமாட்டார்கள் என்று போனை அலமாரியிலேயே வைத்துவிட்டு ஏழரை பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

எதிர்வீட்டு அக்கா துணைக்கு வந்தாள். ஊர்த் தெருவில் யாருக்கு என்ன என்றாலும் முதலில் வந்து நிற்கிற ஆள். கேட்டாலும் வருவாள், கேட்காவிட்டாலும் வருவாள். ஆளுக்கு ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு துணை சுகாதார நிலையத்துக்கு நடந்தோம். அங்கே எட்டுப் பத்துப் பெண்கள், நடுவில் நான் ஒரு ஆண். ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். எனக்கு அங்கேயே பாதிக் கோபம் ஏறிவிட்டது.

நர்ஸம்மா இரண்டு பேரையும் எடை போட்டு அவரவர் அட்டையில் எழுதினாள். பெரியவள் நாலு கிலோ எழுநூறு, சின்னவள் நாலு கிலோ இருநூறு. முதலில் வாயில் சொட்டு மருந்து, பிறகு இடது தொடையில் ஊசி. "காலக் கெட்டியாப் புடிங்க" என்றாள். பிடித்தேன். ஊசி இறங்கிய பிறகு ஒரு கணம் பிள்ளைக்குச் சத்தமே வரவில்லை. வாய் மட்டும் திறந்து கிடந்தது. மூச்சு நின்றுவிட்டதோ என்று நான் நர்ஸம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அதற்குள் வீறிட்டாள். இரண்டாவது பிள்ளைக்கு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வெட்கம்தான், என்ன செய்வது.

முடிந்ததும் கிளம்பப் போனேன்.

"எங்க போறீங்க? அரை மணி நேரம் ஒக்காருங்க."

"எதுக்குங்க? ஊசிதான் போட்டாச்சே."

"போட்டதுக்கு அப்புறம் ஏதாவது ஆச்சுன்னா பாக்கணும்ல. லாரியில காத்தடிச்சா டயரத் தட்டிப் பாக்காமலா கெளம்புவீங்க? ஒக்காருங்க."

நான் லாரிக்காரன் என்று யார் இவளிடம் சொன்னது? எதிர்வீட்டு அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது பேச்சுக்குத்தான், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். நர்ஸம்மா வந்து சொல்ல வேண்டியதைச் சொன்னாள். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. எண்ணெய், காபித்தூள், மஞ்சள் எதையும் பூசக் கூடாது. வீங்கினால் ஈரத்துணி. பால் நிறுத்தக் கூடாது. உடம்பு சுட்டால் அவள் கையில் கொடுத்த காய்ச்சல் மருந்துச் சொட்டு, எடைக்குத் தகுந்த மாதிரி ஃபில்லரில் இவளுக்கு இந்தக் கோடு வரை, அவளுக்கு அந்தக் கோடு வரை. ஒரு தடவை கொடுத்தால் ஆறு மணி நேரத்துக்கு மறுபடி கொடுக்கக் கூடாது.

"கவனமாக் கேட்டீங்களா?"

"கேட்டேங்க."

கேட்டேன், அதில் பொய் இல்லை.

வீட்டுக்கு வரும்போதே வழியில் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். தொடையில் நல்லெண்ணெய் வை என்றான் டீக்கடைக்காரன். அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

பன்னிரண்டு மணிக்கு இரண்டு பேருக்கும் உடம்பு சுட்டது. அழுகை என்றால் அப்படி ஒரு அழுகை. ஒருத்தியைத் தூக்கினால் மற்றவள் கத்துகிறாள். அவளைத் தூக்கினால் இவள். இரண்டு பேரையும் ஒன்றாகத் தூக்கினால் ஊசி போட்ட கால் என் நெஞ்சில் அழுந்தி இரண்டும் சேர்ந்து கத்துகின்றன. கொச்சி ரோட்டில் மழையில் பிரேக் பிடிக்காமல் போன அன்றுகூட நான் இப்படித் திண்டாடியதில்லை. பாயில் படுக்க வைத்து மருந்தை எடுத்தேன். சின்னவளுக்கு, அதாவது இடது கன்னத்தில் பொட்டு உள்ளவளுக்கு, அவளுக்குரிய கோடு வரை உறிஞ்சி வாயோரம் விட்டேன். பாதி துப்பினாள், பாதி விழுங்கினாள் என்று நினைக்கிறேன். மருந்து உறிஞ்சும் ஃபில்லரை எடுத்து அடுத்தவளுக்குத் திரும்பும்போது அது கை நழுவித் தரையில் விழுந்து உருண்டது. வெந்நீரில் கழுவ வேண்டும் என்று அடுப்படிக்குப் போனேன்.

தண்ணீர் சுட, கழுவ, ஆற ஒரு பத்து நிமிஷம் ஆகியிருக்கும். அதற்குள் அக்கா உள்ளே வந்து இரண்டு பேருக்கும் பாலாடையில் பால் கொடுத்திருந்தாள். அழுகை குறைந்திருந்தது. எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. வலது கன்னத்தில் பொட்டு உள்ளவளுக்குப் பெரியவளின் கோடு வரை மருந்து எடுத்து ஊற்றினேன். இந்த முறை சிந்தாமல் முழுவதும் உள்ளே போனது.

அக்கா திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அழுது அழுது மூஞ்செல்லாம் மை வழிஞ்சு கெடந்துச்சு தம்பி. ஈரத்துணியால தொடச்சு ரெண்டுக்கும் புதுசா பொட்டு வச்சு வுட்டேன். இப்பதான் பாக்க லெச்சணமா இருக்குதுங்க."

எனக்கு அது காதில் விழுந்து மண்டையில் ஏறக் கொஞ்ச நேரம் ஆனது.

"பழைய பொட்டு எந்தப் பக்கம் இருந்துச்சோ அந்தப் பக்கமே பாத்து வச்சீங்களா?"

"எந்தப் பக்கமா இருந்தா என்ன? ஒருக்களிச்சுக் கெடந்துச்சுங்க. மேல தெரிஞ்ச கன்னத்துல வச்சேன். கண்ணு படாம இருக்கத்தான வைக்கிறது."

"அக்கா, அது கண்ணுக்கு வச்சது இல்லக்கா."

"பின்ன எதுக்கு வைப்பாங்க?"

நான் கத்தினேன். பெரிய மனுஷி என்றுகூடப் பார்க்கவில்லை. உங்களை யார் துடைக்கச் சொன்னது, யார் வைக்கச் சொன்னது, கேட்காமல் ஏன் கை வைக்கிறீர்கள் என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். பொட்டு மாறியிருந்தால் முதலில் மருந்து குடித்த சின்னவளுக்கே பெரியவளின் மருந்தையும் சேர்த்து ஊற்றியிருக்கிறேன். ஆறு மணி நேரம் என்று சொன்னதைப் பத்து நிமிஷத்தில் கொடுத்திருக்கிறேன். பெரியவள் வெறும் காய்ச்சலோடு கிடக்கிறாள். மாறாமல் இருந்தால் ஒன்றுமில்லை. எது என்று எனக்குத் தெரியாது.

அக்கா அசராமல் நின்று கேட்டாள். முடித்ததும் சொன்னாள்: "நான் அசலாளு. எனக்குத் தெரியல. ஒம் புள்ள ஒனக்குத் தெரியணும்ல? மூஞ்சியப் பாத்து இவதான் சின்னவன்னு சொல்லு பாப்போம்."

இரண்டு பிள்ளைகளும் பாயில் கிடந்தன. குனிந்து பார்த்தேன். நெற்றியைப் பார்த்தேன். இரண்டும் ஏறியிருந்தது, அல்லது இரண்டும் ஏறவில்லை. தொடையைப் பார்த்தேன், இரண்டு பேருக்கும் இடது தொடையில் ஒரே இடத்தில் ஒரே சிவப்பு. வாயை மோந்து பார்த்தேன். வலது பொட்டுக்காரியிடம் மருந்து வாசனை அடித்தது, அது இப்போது கொடுத்தது. மற்றவளிடமும் லேசாக அடிப்பது போல இருந்தது. அடிக்க வேண்டும் என்று நினைத்தால் அடித்தது. மறுபடி மோந்தால் பால் வாசனைதான். என் மூக்கை நானே நம்பவில்லை. கன்னத்தில் தட்டி "பெரியவளே" என்று கூப்பிட்டேன். இரண்டும் என்னைப் பார்க்கவில்லை.

மனைவிக்குப் போன் போட்டேன். அலமாரியில் மணி அடித்தது. அவள் போனை வைத்துவிட்டுப் போனது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவள் பரீட்சை எழுதி முடித்து பஸ் பிடித்து வர மூன்று மணியாவது ஆகும். அவள் வந்து ஒரு பார்வை பார்த்தால் சொல்லிவிடுவாள். அதுவரை என்ன செய்வது? அந்த மருந்து உள்ளே போய்ச் சும்மா இருக்குமா?

"அங்கயும் இங்கயும் நடக்காத" என்றாள் அக்கா. "நர்ஸம்மா கெளம்புறதுக்குள்ள போவோம். தூக்கு."

நான் அவ்வளவு கத்தியும் அவள் ஒரு பிள்ளையை எடுத்துத் துண்டைச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, மீதிப் பால் டம்ளரையும் பாலாடையையும் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் மற்றதைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். அன்றைக்கு அவளிடம் மன்னிப்பு கேட்கவில்லை. பிறகும் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கிற ஆள் இல்லை.

நர்ஸம்மா மருந்துப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கச் சொன்னேன். மருந்து இரண்டு தடவை போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம் என்றேன்.

"எந்தக் கொழந்தைக்கு?"

"தெரியலங்க."

"தெரியலன்னா?"

"எது எதுன்னு தெரியலங்க."

"நீங்கதான அப்பா?"

வாசலில் இன்னும் இரண்டு பெண்கள் பிள்ளைகளோடு இருந்தார்கள். அவர்கள் காதில் விழுந்தது. விழட்டும் என்று இருந்தது. "ஆமாங்க. நான்தான் அப்பா. எனக்கு அடையாளம் தெரியாது. பொட்டு வச்சாத்தான் தெரியும்" என்றேன். பத்து வாரம் மனைவியிடம்கூடச் சொல்லாததை அந்த வராந்தாவில் நின்று ஊருக்கே சொன்னேன்.

நர்ஸம்மா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "துணியெல்லாம் கழட்டுங்க" என்றாள். காலையில் எடை போட்ட மெஷினை இழுத்தாள். இவ்வளவுதான், இது எனக்குத் தோன்றவே இல்லை. அரை கிலோ வித்தியாசம் இருக்கிறது இரண்டு பேருக்கும். லோடுக்கு லோடு டன் கணக்கில் எடை போடுகிற இடத்தில் வண்டியோடு நிற்கிறவன் நான்.

வலது கன்னத்தில் பொட்டு வைத்தவளை மெஷினில் படுக்க வைத்தாள். எண் ஓடி நின்றது. நாலு கிலோ இருநூற்றைம்பது, குடித்த பாலையும் சேர்த்து.

"இது சின்னவ" என்றாள் நர்ஸம்மா.

அடுத்தவளையும் வைத்துப் பார்த்தாள், பார்க்கத் தேவையே இல்லை. பொட்டு மாறிவிட்டது. இரண்டு மருந்தும் சின்னவளுக்குள் இருந்தது.

அக்கா ஒரு கையால் என் சட்டையைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்தாள். நர்ஸம்மா ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டதால் எல்லாம் கேட்டது. டாக்டர் எடையைக் கேட்டார், எந்த மருந்து என்று கேட்டார், எந்தக் கோடு வரை என்று என்னிடமே கேட்டார். சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் வாய்க்குள்ளேயே கணக்குப் போட்டார். அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் என்னென்ன நினைத்தேன் என்று எழுத மாட்டேன்.

"மொத தடவ பாதி துப்பிடுச்சுன்னு சொல்றீங்க. முழுசாவே போயிருந்தாலும் இந்த அளவுக்குப் பயப்பட வேணாம். ஆனா நான் சொல்ற வரைக்கும் அந்தக் குழந்தைக்கு இனி ஒரு சொட்டு குடுக்கக் கூடாது. பால் குடிக்குதா பாருங்க. வாந்தி எடுத்தா, தொவண்டு போனா, எழுப்பி எந்திரிக்கலன்னா ஒடனே இங்க தூக்கிட்டு வந்துடுங்க. வீட்டு வைத்தியம் பண்றேன்னு ஒக்காந்துடாதீங்க."

பெரியவளுக்கு மருந்தை நர்ஸம்மாவே கொடுத்தாள். என்னிடம் ஃபில்லரைத் தரவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டரை மணி வரை எங்களை அங்கேயே வைத்துச் சின்னவளைப் பார்த்தாள். அவள் பால் குடித்தாள், காலை உதறினாள், அக்காவின் புடவையை நனைத்தாள். "இதுக்கு மேல என்ன வேணும்?" என்றாள் அக்கா. நான்கு மணிக்கு வந்து பார்க்கிறேன் என்று சொல்லி நர்ஸம்மா அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் சின்னவள் தூங்கிவிட்டாள். தூங்கினால் போதுமென்றுதானே காலையிலிருந்து அலைந்தேன்? தூங்கியதும் பயம் பிடித்துக்கொண்டது. இது தூக்கமா, துவண்டுபோவதா? உள்ளங்காலைச் சுண்டினேன். கண்ணைத் திறந்து அழுதாள். சரி, எழுந்திருக்கிறாள். தட்டித் தூங்க வைத்தேன். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி சுண்டினேன். அவள் அழுததில் பெரியவள் எழுந்தாள். பெரியவளைத் தூக்கி ஆட்டிக்கொண்டே காலை நீட்டிச் சின்னவள் வயிறு ஏறி இறங்குகிறதா என்று கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தேன். மூன்றேகால் மணிக்கு என் மனைவி உள்ளே வரும்போது இரண்டு பேரும் முழுக்குரலில் அழுதுகொண்டிருந்தார்கள். நான் நடுவில் வேர்த்து ஒழுக நின்றுகொண்டிருந்தேன்.

"ஊசி போட்ட புள்ளைங்களத் தூங்க வுடாம என்ன பண்றீங்க?"

பாயில் கிடந்தவளை எடுத்து மடியில் போட்டாள். முகத்தைப் பார்த்தாள், பொட்டைப் பார்த்தாள். "சின்னவளுக்கு ஏன் இந்தப் பக்கம் வச்சிருக்கு?"

ஒரே பார்வை. எனக்கு ஒரு மெஷினும் ஒரு டாக்டரும் தேவைப்பட்டது அவளுக்கு ஒரே பார்வையில் முடிந்துவிட்டது.

எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா மேல் போடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. போடவில்லை. மருந்தை ஊற்றிய கை என்னுடையது. அவள் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள். பரீட்சை எப்படி எழுதினாய் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நான் முடித்த பிறகு நிமிர்ந்தாள்.

"இவ்வளவு நாளா நான் காட்டினப்பெல்லாம் ஆமா ஆமான்னீங்களே."

"ஆமா."

"தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஆளுக்கு ஒரு கலர் கயித்தக் கட்டியிருப்பேன்ல. தராசு சொல்லித்தான் ஒங்க புள்ள ஒங்களுக்குத் தெரியணுமா?"

லோடு, வரிசை, கேரளா என்று ஏதோ முனகினேன். அவள் காதில் வாங்கவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை.

நான்கு மணிக்கு நர்ஸம்மா சொன்னபடி வந்தாள். சின்னவளை எழுப்பினாள், அது சிணுங்கிவிட்டு அவள் விரலைப் பிடித்துக்கொண்டது. டாக்டருக்குப் போன் செய்து சொல்லிவிட்டுப் போனாள். சாயங்காலம் சூடு தானாகவே இறங்கியது. தொடையில் மட்டும் புளியங்கொட்டை அளவு கட்டியாக இருந்தது. ஈரத்துணியை நனைத்துப் பிழிந்து வைக்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். சின்னவள் துணி பட்டதும் கால் விரலை மடக்குகிறாள். பெரியவள் முதலில் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு யோசிக்கிறாள், பிறகுதான் அழுகிறாள். இதைப் பார்க்கவே எனக்கு ஏழெட்டுத் தடவை துணி மாற்ற வேண்டியிருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு லாரி ஓனர் போன் செய்தார்.

"நம்ம வண்டி வரிசையில முன்னாடி வந்துடுச்சுப்பா. கெளம்பி வா."

"வேற டிரைவர அனுப்புங்க. இந்த லோடு நான் போகல."

"ஏன், யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லீங்க. புள்ளைங்க மொகத்தப் பாக்கணும்."

"இனிமேத்தான் பாக்கப் போறியா? அதுக்கு ஒரு லோட வுடுவியா? ரெண்டு நாள் போதுமா?"

பாயில் இரண்டும் விழித்துக் கிடந்தன. குளிப்பாட்டவில்லை, யாருக்கும் இன்னும் பொட்டு இல்லை. பெரியவள் எது என்று எனக்குப் பாதிதான் உறுதியாக இருந்தது.

"பத்தாதுங்க" என்றேன்.